டியூப் ஜோசியம்

சாயங்காலமானால் அந்த சைக்கிள் கடை வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. எதையோ இலவசமாகக் கொடுக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அங்கே யாரும் எதையும் கொடுக்கவில்லை. வந்தவர்களின் டயரிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டு, அதற்குக் காணிக்கையும் வாங்கி, மேலே ஒரு கும்பிடும் வாங்கிக்கொண்டிருந்தார் ஒருவர். ஊர் அவரைக் காற்றையா என்று கூப்பிட்டது.

விடுமுறைக்கு வெளிநாடு போய் சைக்கிள் ஓட்டுவது இப்போது பெரிய மோகம். அதற்கு சைக்கிளைப் பிரித்து அட்டைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்ற வேண்டும். பெடலைக் கழற்ற வேண்டும், கைப்பிடியைத் திருப்பிச் சட்டத்தோடு கட்ட வேண்டும், முன் சக்கரத்தை உருவிப் பக்கவாட்டில் பஞ்சு சுற்றி வைக்க வேண்டும். டயர் காற்றையும் இறக்கச் சொல்வார்கள். மேலே போனால் டயர் வெடித்துவிடும் என்று ஒரு பயம். நல்ல டயர் வெடிக்காது. இருந்தாலும் விமானக் கம்பெனி சொல்கிறது, நாம் இறக்குகிறோம். வால்வு நுனியை ஒரு அழுத்து அழுத்தினால் புஸ்ஸென்று போய்விடும். அந்தப் புஸ்ஸுக்குள்தான் காற்றையா கடை விரித்திருந்தார்.

"டியூப்ல இருக்கறது வெறும் காத்துன்னா நினைக்கிறீங்க? பம்ப் அடிக்கிறப்போ உங்க மூச்சு அதுல இறங்குது. உங்க ஆயுசு அதுல பேசும். எனக்குக் கேக்கும்" என்பார்.

மெஷினில் காற்றடித்தவனின் டியூபில் பேசுவது யார் ஆயுசு, மெஷினுடையதா என்று கேட்டால் குதர்க்கம் என்பார்கள். அதனால் யாரும் கேட்கவில்லை.

வால்வை அவர் அழுத்தும்போது ஸ்ஸ்ஸென்று வந்தால் சக்கரம் சிரிக்கிறது, பயணம் சுகம். கீச்சென்று வந்தால் சக்கரம் அழுகிறது, ஓட்டுபவர் உயிரோடு திரும்ப மாட்டார். பரிகாரம் ஒன்றே ஒன்றுதான். அழுத சக்கரத்தை ஐயாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அதைக் கடலில் விட்டுவிடுவார். அதற்குப் பதிலாகக் கடைக்காரரிடம் ஒரு 'காப்புச் சக்கரம்' வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். சாதாரணச் சக்கரம்தான், விலை மட்டும் அசாதாரணம்.

"என் சக்கரம் அழுதுச்சு. ஐயாகிட்ட கொடுத்துட்டேன். இன்னிக்கு உங்க முன்னாடி உயிரோட நிக்கிறேன்!" என்று ஒரு பல் டாக்டர் தினமும் வந்து சாட்சி சொல்வார். படித்த மனிதர். சக்கரத்தைக் கொடுக்காத நூறு பேரும் அவரைச் சுற்றி உயிரோடுதான் நின்றார்கள். அது யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொன்றும் படவில்லை. ஓட்டை உடைசல் சைக்கிள் எதுவும் அங்கே அழுததே கிடையாது. அழுததெல்லாம் விலை உயர்ந்த சக்கரங்கள். அதற்கும் கூட்டம் ஒரு தத்துவம் வைத்திருந்தது: பணம் இருக்கும் இடத்தில்தான் கண்டம் அதிகமாம்! எப்படி இருக்கிறது பாருங்கள்.

இந்தக் கடைக்குத்தான் ஒரு குடும்பம் நண்பர்களோடு பெட்டி கட்ட வந்தது. குழுவுக்குத் தலைவி, அரசாங்க ஆபீஸில் மேலதிகாரியாக இருக்கும் ஓர் அம்மாள். கூட அவர் தம்பி, கட்டட வரைபடம் போடுகிறவர். அந்தத் தம்பியின் மனைவி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இந்தப் பயணத்துக்கு எல்லோரையும்விட அதிகம் ஏங்கியவள் அவள்தான். விடிந்தும் விடியாமலும் எழுந்து மேட்டில் ஓட்டிப் பழகியவள். மலைப்பாதைக்கென்றே கடை கடையாய் ஏறி இறங்கி, எடை குறைந்த நல்ல சக்கரமாகப் பார்த்து வாங்கியிருந்தாள். விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

காற்றையா அந்தச் சக்கரத்தில் பார்த்ததும் அந்தச் சீட்டைத்தான். கண்ணை மூடினார். வால்வில் விரலை வைத்தார்.

கீச்ச்ச்!

"ஐயோ!" என்றார் அவள் நாத்தனார், அந்த மேலதிகாரி அம்மாள்.

"இந்தப் பொண்ணு விமானம் ஏறக் கூடாது. ஏறினா இவ மட்டும் இல்ல, கூடப் போறவங்களும்..." காற்றையா முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவதற்குத்தான் காசு.

"பரிகாரம் பண்ணிடலாம் ஐயா. ஏம்மா, சக்கரத்தக் கொடுத்துடு" என்றார் நாத்தனார்.

"எதுக்குக்கா கொடுக்கணும்? ஓட்டை வழியாக் காத்து போனா சத்தம் வரும். அதுல என்ன சாவு இருக்கு?"

"எதிர்த்துப் பேசாதே. கொடுத்தா வா. இல்லேன்னா வீட்டுலயே இரு. உன் ஒருத்தியால இத்தனை பேர் உயிரப் பணயம் வைக்க முடியாது."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையில் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க."

"வம்பு எதுக்கும்மா? அடுத்த வருஷம் போய்க்கலாம்."

"ரெண்டு பேருமா?"

"இல்ல... என் டிக்கெட்டு வீணாப் போயிடுமேன்னு பாக்கறேன். என் சக்கரம் சிரிச்சுதுல்ல?"

அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகை. இந்த ஆளையும் அவர் அக்காவையும் ஒரே பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிடலாம் போலிருந்தது. சக்கரத்தை மட்டும் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பரிசோதனை மேலாவது சந்தேகம் வந்தால், ஒரே குழாய்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, பெயர் ஒட்டாமல் அவரிடமே கொடுப்பார்கள். விடை இரண்டு விதமாக வந்தால் தண்ணீர் மேல் குற்றமில்லை. இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஆளைப் பார்த்து விடை சொல்ல விடக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் கூட்டம் சேருவதற்கு முன்பே சக்கரத்தோடு வந்தாள். பெட்டி கட்டும் பகுதியில் ஒரு சைக்கிள் பெட்டியின் அகலமான அட்டையைக் கிழித்து, அதில் வரிசையாக நான்கு துளை போட்டாள். அட்டையை நிறுத்தி, பின்னால் தன்னுடையதையும் வேறு மூன்று சக்கரங்களையும் சாய்த்து, ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு வால்வு மட்டும் வெளியே நீட்டும்படி வைத்தாள். முன்னால் நிற்பவருக்கு நான்கு வால்வு நுனிகள் தெரியும், வேறு எதுவும் தெரியாது.

"ஐயா, என் சக்கரத்தைத் தந்துடறேன். ஒரே ஒரு சந்தேகம். இந்த நாலுல ஒண்ணு என்னோடது. நேத்து அழுதது இன்னிக்கும் அழணும்ல? எதுன்னு சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா உங்க கால்ல விழறேன்" என்றாள்.

காற்றையா முகம் சுருங்கியது. "காத்தச் சோதிக்கக் கூடாதும்மா. அதுக்குக் கோபம் வரும்."

அவர் தப்பித்திருப்பார். பக்தர்கள் விட்டால்தானே! "சொல்லுங்க ஐயா! இந்த அம்மாவுக்கு வாய் அடைச்சுப் போகணும்!" என்று பல் டாக்டர் கத்தினார். "ஐயாவுக்கா தெரியாது?" என்று நாத்தனார் முதுகில் கை வைக்காத குறையாக முன்னால் தள்ளினார். ஐயாவின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை ஐயாவுக்கே இல்லை, பாவம்.

காற்றையா அட்டை முன்னால் குனிந்தார். மூன்று வால்வுகள் குட்டை. ஒன்று மட்டும் நீளமாகப் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்த மனிதர். விலை உயர்ந்த சக்கரங்களில் டயரைத் தாங்கும் வளையம் பெரும்பாலும் அகலப் பட்டையாக இருக்கும். பட்டை வளையத்துக்கு நீள வால்வுதான் போடுவார்கள். முதல் மூன்றையும் தொட்டார், ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ். நாலாவதற்கு வந்தார். கண்ணை மூடினார்.

கீச்ச்ச்!

"இதான்! சத்தியமா இதான்! நேத்தவிட அதிகமா அழுது. கேளுங்க எல்லாரும், இந்தச் சக்கரத்துக்குச் சொந்தமான உயிர் நாளைக்கு ராத்திரி தாண்டாது!"

கூட்டம் கைதட்டியது. அவள் அட்டையைத் தள்ளினாள். தன் சக்கரம் முதல் துளையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள். அது பட்டை வளையமே இல்லை, எடை குறைந்த மெல்லிய வளையம். பிறகு நாலாவதைத் தூக்கினாள்.

"இது யாரோடது தெரியுதா? கடைக்குப் பின்னாடி நிக்கிற ஐயா சைக்கிளோட முன் சக்கரம். அச்சுல இருக்கற பிடிய ஒரு திருப்பு திருப்பினேன், கழண்டு வந்துடுச்சு."

இந்த இடத்தில் கூட்டம் சிரித்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் ஆட்களை அவ்வளவு குறைவாக எடை போட்டுவிடாதீர்கள்.

"ஐயோ, ஐயாவுக்கே கண்டமா!" என்று நாத்தனார் அலறினார்.

"நாளைக்கு ராத்திரியாமே! உடனே கடல்ல விடணும்!" என்று சக்கரத்தைப் பிடுங்கினார் பல் டாக்டர். நாலு பேர் கூடச் சேர்ந்து பிடித்தார்கள். யாரோ வண்டியை எடுக்க ஓடினார். கடைக்காரரிடம் ஒருவர் காப்புச் சக்கரத்துக்குப் பணத்தையே நீட்டிவிட்டார்.

"கீழ வைங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் காற்றையா.

"நீங்க பேசாதீங்க ஐயா. உங்க உயிர் எங்களுக்கு முக்கியம்!"

"என் சக்கரத்தக் கொடுங்கய்யா!"

"மாட்டோம் ஐயா! நீங்க எங்களக் காப்பாத்தினீங்க. நாங்க உங்களக் காப்பாத்த வேணாமா?"

சக்கரம் வாசலைத் தாண்டியது. காற்றையாவுக்குப் பொறுமை அறுந்தது. பாய்ந்து போய் அதன் கம்பிகளைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கடா முட்டாப் பசங்களா! காத்து எங்கயாவது அழுமாடா? நகத்தச் சாய்ச்சு வெச்சா எந்த வால்வும் கீச்சுங்கும்! நேரா வெச்சா ஸ்ஸுங்கும்! காத்துக்கு என்னடா தெரியும் எவன் எப்போ சாவான்னு? விடுங்கடா!"

பேசியது யார், பேசியது என்ன என்பது மெதுவாக ஒவ்வொரு தலைக்குள்ளும் இறங்கியது. சில தலைகளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பல் டாக்டர் கையிலிருந்த சக்கரத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். வளையத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. விரலால் தடவினார்.

"இந்தப் பள்ளம்... இத நான்தான் அடைச்சேன். பல்லு அடைக்கிற சிமெண்டு. இது என் சக்கரம்யா! கடல்ல விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

காற்றையா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அப்போ என்னோடது எங்க?" என்றது ஒரு குரல். "என்னுது?" என்றது இன்னொன்று. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்; நாலு கை சேர்ந்து அதை மேலே தூக்கின. கடையின் பின்னறையில் கடலில் விட்ட சக்கரங்களெல்லாம் துடைத்து, வேறு ஊருக்குப் போகத் தயாராக, வரிசையாக மாட்டியிருந்தன. இந்தக் களேபரத்தில் காற்றையா பின்வாசல் வழியாக நழுவினார். முன் சக்கரம் இல்லாததால் நடந்துதான் போனார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார் நாத்தனார்.

"நானும் அதேதான் நினைச்சேன்" என்றார் கணவர்.

"நினைச்சதெல்லாம் போதும். டேப்ப எடுங்க" என்றாள் அவள். வால்வை அழுத்தினாள், ஸ்ஸென்று போயிற்று. சக்கரத்தைப் பஞ்சு சுற்றிப் பெட்டிக்குள் இறக்கினாள். "காலைல நான் ஏறுறேன். என்கூட வரப் பயமா இருக்கறவங்க அடுத்த வருஷம் வரலாம். டிக்கெட்டு வீணாப் போனாலும் பரவாயில்ல."

கணவர் ஓடிப்போய் டேப்பை எடுத்தார். நாத்தனார் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.

கூட்டம் தங்கள் சக்கரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கலைந்தது. போகிற போக்கில் ஒருவர் இன்னொருவரிடம் ரகசியமாகக் கேட்டார்:

"இவரு ஃபிராடு, சரி. பக்கத்துத் தெருவுல ஒருத்தரு செயின் சத்தத்த வெச்சு பலன் சொல்றாராமே, அவரு எப்படி? பெரிய ஆளுங்கறாங்க."

ஐயா, அம்மா, பெரியோர்களே! டியூபுக்குள் இருப்பது காற்று. அதில் ஒன்றும் சந்தேகமில்லை. உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பது என்ன என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அடுத்தவன் வந்து அதை அழுத்திப் பார்ப்பதற்குள் நீங்களே கொஞ்சம் வேலை வாங்கிப் பாருங்கள்.