ஏழரை மணிக்கு இரண்டு வேஷம்

"இன்னும் நாலே நிமிஷம்தான் இருக்கு சார், அந்த அங்கியைக் கழட்டுங்க!" என்று உடைகளைக் கவனிக்கும் மேவிஸ் பதறினாள்.

"கழட்ட நேரமில்ல மேவிஸ், அதுக்கு மேலேயே ஓவர்கோட்டைப் போட்டு விடு!"

பிஷப்பின் ஊதா அங்கிக்கு மேல் போலீஸ் இன்ஸ்பெக்டரின் ஓவர்கோட். கையில் ஒட்டு மீசையும் இன்ஸ்பெக்டரின் கைவிலங்கும். பெர்சி ட்ரிம்பிள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தார். சந்துக்கு இந்தப் பக்கம் ஒரு டெலிவிஷன் கம்பெனி. அந்தப் பக்கம் அதற்குப் பரம விரோதியான இன்னொரு கம்பெனி. இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு நேரடி நாடகம், இங்கே சிரிப்பு, அங்கே கொலை. இரண்டிலும் பெர்சிக்கு வேஷம். இந்த விஷயம் மேவிஸைத் தவிர லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. அவள் வாயை அடைக்க ஒரு பெரிய டப்பா சாக்லேட் செலவாகியிருந்தது.

பேராசை என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக நடிக்கிறார் மனிதர். ஆனால் ஜனங்கள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். குதிரைவண்டிக்காரனின் முதுகு, காவல்காரனின் முதுகு, சவப்பெட்டி தூக்குகிறவனின் முதுகு. எப்போதாவது ஒரு வரி வசனம் கொடுப்பார்கள். நேரம் போதவில்லை என்று கடைசி நாளில் அதையும் வெட்டிவிடுவார்கள்.

அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் பொரித்த மீன் கடை வினிஃப்ரெட் போட்ட நிபந்தனைதான் அவரைத் தூங்கவிடவில்லை. ஈஸ்டர் அன்று, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டபோது, மீனைத் திருப்பிப் போட்டபடியே அந்த விதவை சொன்னாள்:

"டெலிவிஷன்ல நீங்க ஒரே ஒரு முழு வாக்கியம் பேசி, அதை நான் என் கண்ணால பார்க்கணும். அன்னிக்கே சரின்னு சொல்றேன்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு டெலிவிஷன் பெட்டியும் வாங்கி வைத்துவிட்டாள். அதனால்தான் ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனியும் கூப்பிட்டபோது பெர்சி இரண்டுக்கும் தலையாட்டினார். எப்படியும் ஒன்றில் வெட்டிவிடுவார்கள், இன்னொன்று மிஞ்சும் என்பது அவர் கணக்கு. இரண்டு பேருமே வெட்டவில்லை!

சிரிப்பு நாடகத்தில் முதல் காட்சி அமர்க்களமாக முடிந்திருந்தது. பணக்காரச் சீமாட்டி வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்த பிஷப்பாக, "இந்த வீட்டில் சமாதானம் நிலவட்டும்!" என்று கணீரென்று சொல்லிவிட்டு வந்திருந்தார். முழு வாக்கியம்! வினிஃப்ரெட் நிச்சயம் பார்த்திருப்பாள்!

இப்போது கொலை நாடகம். மீசையை ஒட்டிக்கொண்டு பெர்சி உள்ளே நுழைந்தார்.

"யாரும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது!"

யாரும் நகரவில்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னாலிருந்த டைரக்டர் மட்டும் பெர்சியின் காலைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். ஓவர்கோட்டுக்குக் கீழே ஒரு முழத்துக்கு ஊதா அங்கி தொங்கிக்கொண்டிருந்தது.

பெர்சி சட்டென்று சோபாவுக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கேதான் பிணம் படுத்திருந்தது. பூட்ஸ் கால் அதன் விரல்மேல் ஏறியது.

"ஐயோ, அம்மா!" என்றது பிணம்.

நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நல்ல வேளை! இவர் இன்னும் சாகலை!" என்றார் பெர்சி.

கொலைகாரனாக நடித்தவர் நாற்பது வருஷ மேடை அனுபவம் உள்ளவர். அவரே ஆடிப்போய்விட்டார். "சாகலையா? நான்தானே கழுத்தை நெரிச்சேன்!" என்று உளறிவிட்டார். கடைசிக் காட்சியில் வெளிவர வேண்டிய உண்மை ஏழு ஐம்பதுக்கே வெளியே வந்துவிட்டது. இன்னும் முப்பது நிமிஷம் பாக்கி.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்கே?" என்று பல்லைக் கடித்தது பிணம்.

"பேசிக்கிட்டே இருங்க, இதோ வந்துடறேன்!" என்று கிசுகிசுத்துவிட்டு பெர்சி மறுபடி சந்துக்குள் ஓடினார்.

சிரிப்பு நாடகத்தில் அடுத்த கட்டம், பிஷப் கேக் கேட்க வேண்டும். ஓவர்கோட்டை மேவிஸ் பிடுங்கிக்கொண்டாள். மீசையை மறந்துவிட்டாள். அவர் கையில் இருந்த விலங்கையும் யாரும் கவனிக்கவில்லை. உள்ளே போனவர் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தினார்.

"யாரும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது!"

அரங்கில் உட்கார்ந்திருந்த கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சீமாட்டியாக நடித்தவள் சாமர்த்தியசாலி. "ஏன் பிஷப் ஐயா, கேக்கை யாராவது திருடிடுவாங்கன்னு பயமா?" என்றாள்.

"ஆமா, எதுக்கும் பத்திரமா இருக்கட்டும்!" என்று சொன்ன பெர்சி, உற்சாகத்தில் கேக் வைத்திருந்த தள்ளுவண்டிக்கும் தன் கைக்கும் சேர்த்து விலங்கு மாட்டிவிட்டார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம்தான் உறைத்தது, விலங்கின் சாவி கொலை நாடகத்து மேஜையில் கிடக்கிறது.

தட்டும் கோப்பையும் கடகடக்க, தள்ளுவண்டியோடு சந்து வழியாக மறுபக்கம் ஓடினார். கொலை நடந்த வீட்டுக்குள் ஊதா அங்கியோடும் கேக்கோடும் இன்ஸ்பெக்டர் நுழைந்ததைப் பார்த்து டைரக்டர் நாற்காலியில் சரிந்தார். சொல்ல வசனம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த நடிகர்களோ கேக்கைக் கண்டதும் சூழ்ந்துகொண்டார்கள். பிணமும் எழுந்து வந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டது.

அதைப் பார்த்ததும் பெர்சிக்குப் பொறி தட்டியது.

"சாப்பிடாதீங்க! இந்தக் கேக்கிலதான் விஷம் இருக்கு!"

பிணம் அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, மூன்று முறை சுழன்று, அற்புதமாக விழுந்து செத்தது. கொலை கிடைத்துவிட்டது! விஷம் வைத்தது யார் என்று விசாரிக்கவே மீதி நேரம் சரியாக இருந்தது.

ஒளிபரப்பு முடிந்ததும் டைரக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஃபோன் ஓயவே இல்லய்யா! இப்படி ஒரு திருப்பத்தைப் பார்த்ததே இல்லைங்கறாங்க!" சந்துக்கு அந்தப் பக்கமும் அதே கதைதான் என்று மேவிஸ் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள்.

சாவியை எடுத்து விலங்கைக் கழட்டியதும், மீசையைக்கூடப் பிய்க்காமல் மூன்று தெருவை ஓட்டமாகவே கடந்தார் பெர்சி. மீன் கடையின் பின்னறையில் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். நடுவில் வினிஃப்ரெட் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் குமிழ் பக்கத்தில் அவள் தங்கை எட்னா நின்றுகொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எனக்குக் கொலை நாடகம் பிடிக்கும், எட்னாவுக்குச் சிரிப்பு. இவ திருப்ப, நான் திருப்ப, ரெண்டுலயும் நீங்கதான்."

"முழு வாக்கியம் பேசினேனா?"

"ஏழு வாக்கியம். எண்ணினேன்."

பெர்சி மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினார். வினிஃப்ரெட் எழுந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள்.

"என்னாச்சு? நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கெஞ்சினார் பெர்சி.

எட்னா குமிழைத் திருகிப் பெட்டியை அணைத்தாள்.

"போய்ச் சேர்ந்தாரே எங்க அத்தான், அவருக்கே லண்டன் குடும்பத்துலேருந்து லிவர்பூல் குடும்பத்துக்குப் போக ரயில்ல அஞ்சு மணி நேரம் ஆச்சு, நீங்க அஞ்சே நிமிஷத்துல போயிட்டு வர்றீங்களே, மிஸ்டர் ட்ரிம்பிள்!"