பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர்

மல்லாங்கிணற்றில் இருக்கும் மைத்துனர் அழகுராஜாவுக்கு, சிவகாசியிலிருந்து உங்கள் அத்தான் கனகசபாபதி அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அந்த ‘அனைவரும்’ எத்தனை பேர் என்பதில் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அக்கா பாலம்மாளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன அன்று நான் பிரஸ்ஸில் இருந்தேன் என்று நீங்கள் போனில் கத்தினீர்கள். நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளை, பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு இதுதான் சீசன். எம். புதுப்பட்டி கம்பெனி லோடு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கும்போது, பெண்டாட்டிக்குச் சொட்டு மருந்து விடப்போகிறேன் என்று யாரிடம் சொல்வது? நாலு வேளையும் மருந்து விடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். நான் அவளுடைய போனில் நாலு அலாரம் வைத்துக் கொடுத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் ஒரு டிசைன் தாளை எடுக்க வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த பாலம்மாள் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். “இப்பத்தான உள்ரூம்புல போய்ப் படுத்தீக? எப்ப வெளிய போனீக?” என்றாள். “நான் இப்பத்தான் வாரேன்” என்றேன். “தினமும் பதினோரு மணிக்கு வந்து மருந்து விட்டுட்டு, வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டு, இப்ப என்ன விளையாட்டு?” என்று சிரித்தாள். அடுப்படியில் ஒரு கிண்ணம் நிறையச் சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தது. தோல் ஒன்றுகூடத் தரையில் இல்லை. உள்ரூமில் கட்டில் காலியாக இருந்தது. தலையணையில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

திருடனாக இருப்பானோ என்று பார்த்தால், எந்தத் திருடன் வந்து வெங்காயம் உரிப்பான்? நீங்கள்தான் என் குரலில் பேசிக் கேலி செய்கிறீர்களோ என்றுகூட உங்களைச் சந்தேகப்பட்டேன், மன்னிக்க வேண்டும். எதிர்வீட்டுக் குருவம்மாளிடம் விசாரித்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கதான அண்ணாச்சி வாரீக. முன்னெல்லாம் ஓட்டமாப் போவீக, இப்பத்தான் நின்னு நாலு வார்த்தை பேசுதீக” என்றாள். அன்று ராத்திரி பாலம்மாள், கல்யாணமான புதிதில் சாத்தூர் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டு நாங்கள் இருவரும் அழுததைப் பற்றிப் பேசினாள். “நேத்து நீங்கதான் ஞாபகப்படுத்துனீக” என்றாள். அதை நான் மறந்தே முப்பது வருஷம் இருக்கும்.

பயம் ஒரு பக்கம். பொறாமை இன்னொரு பக்கம், அதுதான் பெரிது. மறுநாள் பத்தரைக்கே வீட்டுக்குப் போய், வருகிறவனைப் பிடிப்பது என்று நாற்காலியைக் கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன். சரியாகப் பதினோரு மணிக்கு வெளிக்கேட் திறந்தது. காலடிச் சத்தம் படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்றது. ஒரு பெருமூச்சு கேட்டது, மாப்பிள்ளை, வேலை முடிந்தவன் விடுகிற பெருமூச்சு. கதவைத் திறந்தேன். வெயில்தான் நின்றது.

உள்ளிருந்து அவள் மருந்துக்குக் கூப்பிட்டாள். போய்ச் சொட்டு மருந்தை விட்டேன். இரண்டு சொட்டு கன்னத்தில் விழுந்தது. “இன்னைக்கு ஏன் இப்படிச் சிந்துதீக? புதுசா விடுற மாதிரி” என்றாள். கன்னத்தைத் துண்டால் துடைத்துவிட்டேன்.

அப்போதே பிரஸ் போர்மேன் சங்கிலிமுத்துவைப் போனில் கூப்பிட்டு, இனி நான் வர மாட்டேன், நீயே பார்த்துக்கொள் என்றேன். “அண்ணாச்சி, என்ன சொல்லுதீக? நீங்க இங்கன மிஷின் பக்கத்துல நின்னுதான கத்திக்கிட்டு இருக்கீக!” என்றான். அவனுக்குப் பின்னால் ஒரு குரல் “மையைக் குறைலே!” என்று அலறியது. என் குரல்தான். இத்தனை வருஷம் அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது போலும். இரண்டு போனையும் அணைத்துப் பீரோவுக்குள் போட்டேன். அவர் அங்கே கத்தட்டும், நான் இங்கே இருக்கிறேன்.

நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று அவளுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். “எம்புட்டு நரைச்சுப் போச்சு உங்களுக்கு” என்றாள். அவளுக்கும்தான் நரைத்திருந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக ஓர் ஆள் ஓர் ஆளாகவே இருந்து, நீடூழி வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
கனகசபாபதி

பி.கு.: மாப்பிள்ளை, மேலே இருக்கும் கடிதத்தை நான் எழுதவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாளிலிருந்து நான் பிரஸ்ஸை விட்டு நகரவே இல்லை. மாற்றுச் சட்டை எடுக்க இப்போதுதான் வந்தேன். மேஜையில் இது கிடந்தது. கையெழுத்து என்னுடையது. மை இன்னும் காயவில்லை. அடுப்படியில் பாலம்மாள் யாரிடமோ பேசிச் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை வருஷமோ! “பாலா” என்று கூப்பிட்டேன். சிரிப்பு நின்றது. “வாசல்ல யாரோ வந்திருக்காக, யாருன்னு பாருங்க” என்று அவள் உள்ளே யாரிடமோ சொல்கிறாள். காலடிச் சத்தம் வருகிறது. இருந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தெருவில் லோடு வண்டி ஹாரன் அடிக்கிறது. இந்தக் கவரைப் போகிற வழியில் நானே தபாலில் போட்டுவிடுகிறேன். மற்றதைச் சீசன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.