அம்மாவின் நடையில் அளந்த தெரு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அத்தானும் குழந்தையும் நலமா என்று கேட்பதுதான் முறை. இல்லை என்று பதில் வந்தால் அதற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டுமே என்று கேட்காமல் விடுகிறேன்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை பத்திரத்தில் கையெழுத்துப் போட நீ வர வேண்டாம். அந்த வீடு நமக்கு வேண்டாம்.

கோபப்படாதே. முழுக்கப் படி.

வீட்டில் குறை இல்லை. பழைய கிடங்கைப் பிரித்துக் கட்டியது. தரைத்தளம், இரண்டு அறை. செங்கல் சுவர் பூசாமல் நின்றது. "எப்ப பூசுவாங்க?" என்று தரகரைக் கேட்டேன். "பூசினா விலை குறைஞ்சிடும் தம்பி" என்றார். அப்பா கட்டிய வீடு பதினோரு வருடம் பூசாமல் கிடந்தது. நாம் அவ்வளவு பெரிய பணக்காரர்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

"மருந்து, காய்கறி, டாக்டர், எல்லாமே பத்து நிமிஷ நடை" என்றார். அவருக்குக் கால் நீளம். முழங்கால் அறுவைக்குப் பிறகு அம்மா சொன்னாளே, "ஒரு மாத்திரை வாங்கக்கூட ஒருத்தரைக் கெஞ்ச வேண்டியிருக்கு" என்று. அதற்காகத்தானே இந்தத் தெருவைத் தேடினோம். "அம்மாவால முடியுமான்னு நீயே நடந்து பாரு" என்றாய். பார்த்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் அம்மாவாக நடந்தேன். அறுபது அடிக்கு ஒரு நிறுத்தம், பக்கத்துச் சுவரில் கை, ஒரு பெருமூச்சு, மேலே ஒரு பார்வை, கைக்கடிகாரத்தில் ஒரு பார்வை, நோட்டில் ஒரு வரி, மறுபடி அறுபது அடி, இப்படியே தெருவின் இரண்டு பக்கமும் காலையில் ஒரு முறை மாலையில் ஒரு முறை நடந்ததில், கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நிற்பதை நான் கவனிக்கவே இல்லை. அம்மா கவனிக்க மாட்டாள் அல்லவா.

சலூன்காரர்தான் முதலில் கேட்டார். அப்போது என் கை அவர் சுவரில் இருந்தது.

"என்ன சார் எழுதுறீங்க?"

"எவ்வளவு தூரம்னு."

"கடை ஓனர் அனுப்பினாரா?"

"இல்ல. எங்க அக்கா."

அவர் முகம் வெளிறியது. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். கேட்காமலே முடி வெட்டினார். காசு வேண்டாம் என்றார். கழுத்தில் கத்தி இருக்கும்போது மெல்லக் கேட்டார்.

"அக்கா எப்படிப்பட்டவங்க சார்?"

"கொஞ்சம் கண்டிப்பு. சொன்னா சொன்னதுதான்."

கத்தி நின்றது. நான் மூச்சு விடவில்லை. அவரும் விடவில்லை.

பிறகுதான் தெரிந்தது. போன வருடம் இதே போல நோட்டோடு ஒருவர் நடந்திருக்கிறார். அவர் வந்து போன இரண்டாம் மாதம் ரொட்டிக்கடை போய் அவருடைய மெழுகுவத்திக் கடை வந்தது. வாசனை மெழுகுவத்தி மட்டும். சைக்கிள் பழுது பார்த்த இடத்தில் இப்போது காப்பி விற்கிறார்கள். பழையவரின் காற்றடிக்கும் பம்பு சுவரில் அழகுக்குத் தொங்குகிறது. அவர் எங்கே தொங்குகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கடிகாரக்காரர் கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார். காய்கறி விற்கும் அம்மாளைக் காணோம். மருந்துக்கடைக்காரர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "நாங்களா போயிடறோம்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றார். நோட்டைப் பார்த்தேன். காய்கறி, ஒன்பது நிமிடம், இல்லை. மருந்து, பதினாலு நிமிடம், போகிறார். அம்மாவால் நடக்க முடியும் அக்கா. போய்ச் சேர ஓர் இடம்தான் இருக்காது.

சலூனில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான் வாங்கறது ரெண்டே ரூம். உங்களைவிட எனக்குத்தான் பயம் ஜாஸ்தி."

"அவரும் அப்படித்தான் சார் சொன்னாரு, மெழுகுவத்திக்காரரு."

யாரும் சிரிக்கவில்லை.

இனி எழுதுவதை அத்தானிடம் படித்துக் காட்டாதே. இருபத்தொன்பது வருடத்தில் என்னைக் கண்டு யாரும் பயந்ததில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன்கூட என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போகிறான். அன்று சலூன் கண்ணாடியில் என் பின்னால் நான்கு முகங்கள். நான்கிலும் பயம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அது பிடித்திருந்தது.

அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

தரகரிடம் நாளை சொல்லிவிடுவேன். அம்மாவுக்கு வேறு வீடு பார்ப்போம். அவளைப் போல நடந்து காட்டினேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம். உனக்கு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. பொறுமை என்னிடம் இருந்தால் அதை அனுப்பியிருப்பேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, தரகரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், திரும்பி வந்துவிட்ட கடிகாரக்காரர். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நோட்டைப் பின்னால் மறைத்தேன். விஷயம் வேறு. அவர்கள் கடைகளின் ஓனர் அடுத்த மாதம் எல்லோரையும் காலி செய்யச் சொல்லியிருந்தாராம். "அக்கா வர்றாங்க, எல்லாத்தையும் நேர்ல பாக்கப் போறாங்க" என்று இவர்கள் சொன்னதும், யாரோ பெரிய அதிகாரி என்று ஆடிப்போய், இன்னும் மூன்று வருடத்துக்குக் கடைகளை இவர்களுக்கே வாடகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். நீ யார் என்று அவர் கேட்கவே இல்லை. இப்போது நாம் வாங்காவிட்டால் குட்டு உடைந்துவிடும். "எங்களுக்காக வாங்குங்க சார்" என்று சலூன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வா. தெருவில் நடக்கும்போது தயவுசெய்து சிரித்துவிடாதே.