இன்கிரிமென்ட் வேணாம் மொதலாளி

பேய்க்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான். ஆனால் சம்பள உயர்வுக்குப் பயந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் லிமிட் அண்ணன்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பட்டறை என்றால் முதலாளிக்குக் கோபம் வரும், 'கம்பெனி' என்று சொல்ல வேண்டும். மழை பெய்தால் கம்பெனிக்குள்ளேயே குடை பிடிப்போம். அங்கேதான் ஒரு நாள் காலையில் அண்ணன் வேலை கேட்டு வந்து நின்றார், அனகாபுத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்து. பல்லாவரத்தில் அவர் இருந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள், ரொம்ப நாளாக வேலை இல்லை என்றார். ஒரு துண்டு இரும்பைக் கொடுத்துக் கடையச் சொன்னோம். கடைந்ததைப் பார்த்ததும் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"சம்பளம் எவ்ளோப்பா எதிர்பாக்கறே?"

"நீங்க இன்னா குடுப்பீங்க மொதலாளி?"

முதலாளி ஒரு தொகையைச் சொன்னார். வந்தவர் முகம் சுண்டிப்போயிற்று. சரி, பேரம் பேசப் போகிறான் என்று முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தயாரானார்.

"கொஞ்சம் கொறைச்சிக்க முடியாதா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

விஷயம் இ.எஸ்.ஐ. அட்டை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதச் சம்பளம் அரசாங்கம் வைத்த வரம்புக்குள் இருந்தால், ஒரு சின்னப் பிடித்தம் போக, தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்தியமும் மருந்தும் இலவசம். வரம்புக்கு மேலே ஒரு ரூபாய் போனாலும் ஐயா பணக்காரர். அந்த அரையாண்டு முடிந்ததும் அட்டை செல்லாது, பணக்காரர் மருந்துக் கடை வாசலில் நின்று தலையைச் சொறிய வேண்டியதுதான். இந்த வரம்பைத்தான் நம்மவர் 'லிமிட்டு' என்பார். காலையில் வணக்கம் சொல்ல மாட்டார். என் மேஜைக்கு வந்து, "சார், லிமிட்டு தாண்டலயே?" என்பார். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அட்டை கைக்கு வந்த அன்று அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையை இன்னோர் உறைக்குள் போட்டு, சட்டையின் உள்பையில் வைத்துப் பின் குத்திக்கொண்டார். அதன் பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தோம். வாங்குவதற்கு முன் என் காதருகே குனிந்தார்.

"சார், இது சம்பளத்துல சேருமா?"

"மைசூர்பாகு சேராது அண்ணா."

"மிச்சரு?"

ஓவர்டைம் என்றால் ஆளே இருக்க மாட்டார். சாயங்காலம் மணி அடித்து முடிவதற்குள் சைக்கிள் கேட்டைத் தாண்டியிருக்கும். ஓவர்டைம் காசு வரம்புக் கணக்கில் வராது, சட்டமே அப்படித்தான் என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன்.

"சட்டம் உங்களுக்குச் சொல்லும் சார். நாளைக்கு எதுனா பேஜார் ஆச்சுன்னா சட்டமா வந்து மாத்திரை வாங்கிக் குடுக்கும்?"

வெல்டிங் பையன்கள் சும்மா இருப்பார்களா? கம்பெனி டீயையும் சம்பளத்தில் சேர்க்கப் போகிறார்களாம் என்று ஒரு நாள் கொளுத்திப் போட்டார்கள். அடுத்த நாள் முதல் அண்ணன் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். நான் சத்தியம் செய்தும் நம்பவில்லை. முதலாளியே தன் கையால் ஒரு டம்ளர் நீட்டி, "குடிய்யா, இது என் சொந்தக் காசு" என்று அதட்டிய பிறகுதான் குடித்தார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம். யாருக்குச் சம்பளம் ஏறினாலும் ஆயுத பூஜை அன்று, மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, குடும்பத்தோடு வந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் அவரே அறிவிப்பார். அவருடைய வள்ளல்தனத்துக்கு அது ஆண்டு விழா. கொடுப்பது கொஞ்சம், கைதட்டல் நிறைய.

அந்த வருஷம் பூசணிக்காய் உடைந்த கையோடு அறிவித்தார். "நம்ம லிமிட்டு இன்னிலேந்து சூப்பர்வைசர்! சம்பளமும் ஏத்தியாச்சு!" சொன்ன தொகை வரம்பைத் தாராளமாகத் தாண்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் ஓடிவந்து முதலாளியின் காலில் விழுந்தார். நன்றியில் விழுகிறார் என்று நினைத்த முதலாளி, கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் செய்தார்.

"இன்கிரிமென்ட் வேணாம் மொதலாளி. என் வயித்துல அடிக்காதீங்க."

முதலாளி கண்ணைத் திறந்தார். கைதட்டல் நின்றுபோயிருந்தது.

"இத்தன பேரு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தறியா? நான் குடுத்ததை ஒருத்தன் வேணாம்னு சொன்னதில்ல. வாங்கறதுன்னா வாங்கு. இல்லன்னா நாளைலேந்து வராதே!"

வாங்கினால் அட்டை போய்விடும். வாங்காவிட்டால் வேலையோடு சேர்ந்து அட்டையும் போய்விடும். அண்ணன் குங்குமம் அப்பிய கையோடு திருதிருவென்று விழித்தார். பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்தார்.

"வாங்கிக்கயா. நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்தப் பாத்துக்குவே? மறுபடியும் மாத்திரைய ஒடைப்பியா?"

அண்ணன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"இவளுக்கு வலிப்பு கீது மொதலாளி. எனுக்கு வேலை இல்லாதப்ப, என்னாண்ட சொல்லாம மாத்திரைய ரெண்டா ஒடைச்சித் துன்னுகினு இருந்தா. பாதி இன்னிக்கு, பாதி நாளைக்கு. ஒரு நாளு அடுப்பாண்டயே வியுந்துட்டா."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டார்.

முதலாளியின் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் கண் கலங்கும்போதும் கணக்கு கலங்காதவர் முதலாளி. "சரிய்யா, சம்பளம் பழையபடியே இருக்கட்டும். சூப்பர்வைசர் வேலைய மட்டும் பாரு" என்றார். மறுபடியும் எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் மறுபடியும் காலில் விழுந்தார், இந்தத் தடவை நிஜமாகவே நன்றியில். ஏழைக்கு இரங்கியதில் காசு மிச்சமான முதலாளியை நான் அங்கேதான் பார்த்தேன்.

சில காலம் கழித்து அரசாங்கம் வரம்பை உயர்த்தியது. பேப்பரில் பார்த்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினார். "மெய்யாலுமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குள் போனார்.

"மொதலாளி, அன்னிக்கு ஒரு இன்கிரிமென்ட்டு குடுத்தீங்களே, அது இன்னும் கீதா?"

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் இல்லை என்று சொல்ல முடியாமல் கொடுத்துவிட்டார். அண்ணன் நேரே என் மேஜைக்கு வந்தார். "லிமிட்டுக்கு இன்னும் எவ்ளோ எடம் கீது சார்?"

பிறகு நான் கேளம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய ஆபீசுக்குப் போய்விட்டேன். அங்கே ஏ.சி. உண்டு, மழை உள்ளே வராது. சம்பளம் ஏறுகிற நாளில் எல்லாரும் போதாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். அப்போதெல்லாம் உள்பையில் பின் குத்திய அந்தச் சட்டை ஞாபகத்துக்கு வரும். சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி அத்தனை பிரியத்தோடு கேட்ட ஒரு மனிதரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.