பட்டனை மட்டும் அமுக்கினால் போதும்

ரெடிக்காரர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. தனி நிறமோ உயரமோ இவர்களுக்குக் கிடையாது. எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், எல்லா அலுவலகத்திலும் மேஜைக்கு ஒருவர் இருப்பார். வாயைத் திறந்தால்தான் அடையாளம் தெரியும். "எல்லாம் ரெடி" என்பார்கள்.

வெளியூர் கிளம்ப மொத்தக் குடும்பமும் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது உள்ளேயிருந்து "நான் ரெடி" என்று ஒரு குரல் வரும். எட்டிப் பார்த்தால் குரலுக்கு உரியவர் இடுப்பில் துண்டோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒற்றைச் சாக்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். பொய் சொல்கிறாரா? கிடையவே கிடையாது. மனசால் அவர் எப்போதோ ரயிலேறி, ஜன்னலோர இடம் பிடித்து, பாதி தூரம் போய்விட்டார். உடம்புதான் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றவர்கள் பொறுப்பு.

ரெடிக்காரரின் கணக்கில் வேலை என்பது யோசிப்பது. யோசித்தாகிவிட்டதா, வேலை முடிந்தது. மிச்சம் இருப்பது ஒரு பட்டன். அதை யாராவது அமுக்கவேண்டும்.

இந்த இனத்தில் நான் பார்த்தவர்களிலேயே உயர்ந்த ரகம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அதிகாரி. ஒரு மழைக்காலத்தில் கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடந்தபோது, கம்ப்யூட்டரில் படம் வடிவமைக்கும் கலையைத் தானாகவே கற்றுக்கொண்டார். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அவர்கள் முகத்துக்குப் பின்னால் சூரியன் உதிக்கும். அவருக்கு நிழல் பிடிக்கும். நிழலுக்குள் ஒளி பிடிக்கும். ஒளிக்கு ஓரத்தில் மின்னுகிற நட்சத்திரம் ரொம்பவே பிடிக்கும்.

என் மனைவி ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறாள். கடையின் நடுநாயகம் ஒரு கட்டிங் மிஷின். வண்ண வினைல் ஒட்டுத்தாள் சுருளை அதற்குள் விட்டால், ஒரு குட்டிக் கத்தி இடமும் வலமும் ஓடி எழுத்துகளை வெட்டித் தரும். வேண்டாத பகுதியை உரித்துப் போட்டுவிட்டு, எழுத்துகளை டேப்பில் அள்ளி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டவேண்டியதுதான். அந்தக் கத்தி ரொம்ப எளிமையான பிறவி. அதற்கு நிறம் தெரியாது, நிழல் தெரியாது, சூரியோதயம் தெரியாது. எந்தக் கோட்டின்மேல் போகவேண்டும் என்று சொன்னால் போகும்.

மச்சானின் மனைவி பல் டாக்டர். யாரோ நடத்திய ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு கிளினிக் திறக்கப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பு. வாசல் கண்ணாடிக் கதவில் 'பல் வைத்தியம்' என்று பெரிதாக எழுத்து ஒட்டவேண்டும். அதை மச்சான் ஏற்றுக்கொண்டார். தானே வரையப்போவதை டாக்டரிடம் சொல்லவில்லை. சர்ப்ரைஸ்.

புதன்கிழமை கடைக்கு வந்தார். கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு பென் டிரைவ்.

"எல்லாம் ரெடி பாப்பா. நீ பட்டனை மட்டும் அமுக்கு."

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவள் படத்தைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். தங்க எழுத்துகள், தங்கம் கீழே இறங்க இறங்க ஆரஞ்சாக மாறுகிறது, ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல், அந்த நிழலுக்கும் ஒளிவட்டம், பின்னால் வழக்கமான சூரியன், பக்கத்தில் ஒரு கடைவாய்ப்பல் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரிக்கிறது.

"பல்லுக்கு எதுக்கு மச்சான் கண்ணு?" என்றேன்.

"உயிர் வரணும்ல மாப்ளே."

என் மனைவி படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எழுத்தின் ஓரம் கட்டம் கட்டமாக, குளியலறைத் தரை மாதிரி ஆனது.

"அண்ணா, இது படம். வெறும் புள்ளிங்க. எனக்கு வெக்டரா வேணும். கோடு வேணும்."

"படத்துல கோடு இல்லாமயா இருக்கு? இதோ எழுத்து, இதோ ஓரம். எனக்கே தெரியுதே."

"உன் கண்ணுக்குத் தெரியுது. கத்திக்குத் தெரியாது."

"ஓ, அவ்வளவுதானா?" என்றார். ரெடிக்காரர்கள் எந்தச் சிக்கலையும் இந்த இரண்டு சொல்லில் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனார். சாயங்காலமே ஒரு ஃபைல் வந்தது. ஃபைல் பெயரின் வாலில், புள்ளிக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு, வெக்டர் ஃபைலுக்கு இருக்கவேண்டிய வாலை ஒட்டியிருந்தார். திறந்தால் அதே சூரியன், அதே கண்ணடிக்கும் பல். பூனைக்கு டை கட்டிவிட்டால் அது ஆபீஸ் போய்விடுமா?

வியாழக்கிழமை மறுபடி நேரிலேயே வந்தார். முகத்தில் ஒரு கண்டுபிடிப்பின் களை. படத்தைத் தானாகவே கோடாக மாற்றித் தருகிற வசதி ஒன்று இருக்கிறதாம், அதைத் தட்டினாராம். இந்தமுறை நிஜமாகவே கோடுகள் இருந்தன. கோடு என்றால் சாதாரணக் கோடா? நிழலின் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு கோடு, ஒளியின் ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் ஒரு கோடு, சூரியனுக்குள் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகக் கோடு.

"இதை வெட்டினா உதிர்ந்துடும் அண்ணா."

"வெட்டிப் பார்க்காமலேயே எப்படிச் சொல்றே? நீ அமுக்கு."

என் மனைவிக்கு ஒரு குணம் உண்டு. ஒரே விஷயத்தை மூன்றாவது தடவை சொல்லமாட்டாள். அதற்குப் பதிலாகச் செய்து காட்டிவிடுவாள். கல்யாணமான புதிதில் எனக்கும் இப்படிச் சில பாடங்கள் நடந்திருக்கின்றன. அவள் ஒரு துண்டு வினைலை மிஷினுக்குள் விட்டாள். பட்டனை அமுக்கினாள்.

கத்தி கிளம்பியது. பசித்த எலி பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது மாதிரி ஒரு சத்தம். டீ வந்தது, குடித்து முடித்தோம், கத்தி இன்னும் சூரியனின் இடது ஓரத்தையே தாண்டவில்லை. மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் மாதிரி உலாத்தினார். கடைசியில் தாள் வெளியே வந்தது. என் மனைவி ஓரத்தைப் பிடித்து உரித்தாள். நிழல் முழுக்கப் பென்சில் சீவல் மாதிரி பொலபொலவென்று எழுந்து வந்தது. அதைப் பிடிக்கப் போன மச்சானின் முழங்கையில் பல்லின் கண் ஒட்டிக்கொண்டது. புருவத்தில் ஒரு நட்சத்திரம். பல் மட்டும் தாளில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, டாக்டரிடம் உடனே காட்டவேண்டிய நிலைமையில்.

"மிஷின் பழசோ?" என்றார்.

"மிஷின் நீ சொன்னதைத்தான் செஞ்சுது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையிலிருந்து கண்ணைப் பிய்த்தார். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்த நான் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"அதுக்கில்ல பாப்பா" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "இத்தனை வருஷமா அவ அடுத்தவங்க பேர் போட்ட கதவைத்தான் தள்ளிக்கிட்டு உள்ள போனா. அவளுக்குன்னு ஒரு கதவு வருது. அதுல என் கை வேலை ஏதாவது இருக்கணும்னு பார்த்தேன். பல்லு பிடுங்கவா எனக்குத் தெரியும்?"

என் மனைவி அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போட்டாள்.

"சூரியன் வேண்டாம். பல்லு வேண்டாம். எழுத்து மட்டும் போதும், ஒரே நிறம். நீயே பண்ணு. எப்படின்னு இங்க காட்டறேன், வீட்டுல பொறுமையா பண்ணி அனுப்பு."

வெள்ளிக்கிழமை ஃபைல் வந்தது. திறந்தால் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம், நடுவில் ஒரு கட்டம், ஒரு கேள்விக்குறி. எழுத்துகளுக்குள் குடும்பச் சண்டை வந்து ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் பயன்படுத்திய எழுத்துரு எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். போன் போட்டாள்.

"என்கிட்ட சரியாத்தான் தெரியுதே" என்றார் மச்சான்.

ரெடிக்காரர்களின் இரண்டாவது மந்திரம் இது. முதல் மந்திரம் வேலையை அடுத்தவர் தலையில் வைக்கிறது. இரண்டாவது, குற்றத்தை வைக்கிறது. இதற்கு உலகத்தில் யாரும் இதுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை. அவர் வீட்டில் சரியாகத் தெரிகிறது என்றால் தெரிகிறதுதான். வாசல் கதவைக் கழற்றிக்கொண்டுபோய் அவர் வீட்டில் மாட்டவா முடியும்?

"எழுத்தை எழுத்தா அனுப்பாதே அண்ணா. உருவமா மாத்தி அனுப்பு. அப்புறம் எந்த மிஷினுக்குப் போனாலும் கலையாது." எந்த இடத்தில் தட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் தட்டினார். வந்தது. நிஜமாகவே வந்தது. சுத்தமான கோடு, ஒரு வளைவில்கூடப் பிசிறு இல்லை. அந்த 'வை'யின் சுழியைப் பார்த்து என் மனைவியே "நல்லா பண்ணியிருக்கான்" என்றாள். தங்கை வாயிலிருந்து அண்ணனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைக்காது.

ஒரே ஒரு வில்லங்கம். எழுத்துகளின் மேலிருந்த மூன்று புள்ளிகளையும் மச்சான் நட்சத்திரமாக வரைந்திருந்தார். நாலு முனையும் ஊசி மாதிரி.

"இது ரொம்பச் சின்னது. ஒட்டும்போது டேப்போட வந்துடும்."

"சூரியன் போச்சு, பல்லு போச்சு. நட்சத்திரமாவது இருக்கட்டுமே."

இருக்கட்டும் என்று விட்டாள். வெட்டி, உரித்து, டேப் போட்டுச் சுருட்டிக் கொடுத்து, "நான் சாயங்காலம் வந்து ஒட்டறேன், நீ தொடாதே" என்றாள். சனிக்கிழமை அது. அவள் போவதற்குள் போன் வந்துவிட்டது. "நீ வரவேண்டாம் பாப்பா. ஒட்டியாச்சு. எல்லாம் ரெடி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் திறந்துவிட்டிருந்தது. நாற்காலிகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய கவர், அதற்குள் எக்ஸ்ரே. டாக்டர் அவரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பல்லுங்க வலிக்குது?"

"பல்லெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. முழங்கால்தான். மடக்க முடியல."

"முழங்காலுக்கு நான் பார்க்கிறதில்லையே."

"கதவுல போட்டிருக்கே?"

டாக்டர் வெளியே வந்தார். பின்னாலேயே பெரியவர், அவருக்குப் பின்னால் மச்சான், நாங்கள். எல்லாரும் தெருவில் நின்று கதவைப் பார்த்தோம்.

'பல வைத்தியம்' என்றது கதவு.

'ல்'லின் நட்சத்திரம் டேப்போடு போய்விட்டிருந்தது. மற்ற இரண்டும் பத்திரமாக மின்னிக்கொண்டிருந்தன. மூக்கைக் கண்ணாடியில் வைத்து ஒட்டிய மச்சான், நாலடி பின்னால் போய் நின்று ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லை. ஒட்டி முடித்துவிட்டோம் என்று மனசுக்குத் தெரியும்போது கண்ணை எதற்குத் தொந்தரவு செய்யவேண்டும்?

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "டேப்பைக் குப்பையில போட்டேன். குப்பை வண்டி வந்துட்டுப் போயிடுச்சு" என்று யாரிடமோ சொன்னார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். "இதை நீங்களா பண்ணீங்க?"

"எழுத்து மட்டும்தான்."

"ராத்திரி பகலா கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தது இதுக்குத்தானா? ஆபீஸ் கணக்கு முடிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

என் மனைவி பையிலிருந்து அதே நிற வினைல் துண்டை எடுத்தாள். அவள் அதைக் கொண்டுவந்திருந்ததே, தன் அண்ணனை அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்குச் சாட்சி. வரவேற்பு மேஜையில் காகிதத்தில் ஓட்டை போடுகிற பஞ்ச் இருந்தது. டாக்டர் அதை எடுத்துவந்து வினைலில் ஓர் அமுக்கு அமுக்கினார். வட்டமாக ஒரு பொட்டு விழுந்தது. உள்ளே போய்ப் பல்லுக்குப் பஞ்சு வைக்கிற இடுக்கியைக் கொண்டுவந்தார். "போன் லைட்டைக் கொஞ்சம் மேல பிடிங்க" என்றார் கணவரிடம். மச்சான் இரண்டு கையாலும் பிடித்தார். டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு, பொட்டை இடுக்கியால் எடுத்து, 'ல'வின் தலையில் வைத்து, விரல் நுனியால் அழுத்தினார்.

நாலடி பின்னால் போய் நின்று, மெதுவாகப் படித்தார்.

"நல்லா இருக்குங்க. அந்த 'வை' ரொம்ப நல்லா இருக்கு."

மச்சான் போன் லைட்டை அணைத்தார். கதவைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு வட்டம், ரெண்டு நட்சத்திரம். பொருந்தலையே. மூணையும் மாத்திடலாமா? ஃபைல் ரெடியாத்தான் இருக்கு" என்றார்.

"வேண்டாம்" என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே சொன்னோம்.

பெரியவர் இன்னும் போகவில்லை. எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வந்தது வந்தாச்சு, இந்தப் பின்பல்லையும் ஒரு தடவை பார்த்துடறீங்களா?" என்றார். டாக்டர் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அந்தக் கிளினிக்கின் முதல் சொத்தைப் பல் அப்படித்தான் உள்ளே போனது.

என் மச்சானைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது, அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். ஆனால் போன மாதம் நீங்கள் ஓர் அச்சகக்காரருக்குப் போனில் அனுப்பிய படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பழைய அழைப்பிதழைச் சாய்வாக வைத்து, உங்கள் கட்டைவிரலும் ஓரத்தில் தெரிய, மங்கலான விளக்கில் எடுத்ததுதான். அதற்குக் கீழே "அப்படியே போட்டுடுங்க, தேதி மட்டும் மாத்தினா போதும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கம் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உங்களுக்குக் கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பினார்.

அதை நீங்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டீர்கள்.