துவைக்கிற கல்லில் விழுந்த கேமரா

என் ஃபிலிம் கேமராவைக் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நன்றி கெட்டவன் என்று திட்டாதீர்கள். முப்பது வருஷம் சோறு போட்டது அதுதான். சூலூரில் ஸ்டுடியோ, வீடு, மகள் படிப்பு, எல்லாம் அது கொடுத்தது. ஆனால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு முகூர்த்தம் நின்று பாருங்கள். அதற்கு உடம்பெல்லாம் இரும்பு. ஒருநாள் தொங்கவிட்டால் மூன்று நாள் தலை நிமிராது.

நடுவில் டிஜிட்டல் ஒன்று வாங்கினேன். அவிநாசிக் கல்யாணத்தில் பன்னீர் தெளித்தார்கள். அதற்கே செத்துப்போனது. பழையது ஒருமுறை சாம்பார் வாளிக்குள்ளேயே விழுந்திருக்கிறது. துடைத்துவிட்டு அடுத்த பந்தியை எடுத்தேன்.

இன்னொரு டிஜிட்டல் வேண்டும் என்று மனைவி மயிலாத்தாளிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, பழசு ஓடுதுங்களா?"

"ஓடுது அம்மணி. ஆனா..."

"ஓடறத எதுக்குங்க மாத்தோணும்? இப்பத்தப் புள்ளைங்க ரோல்லயே எடுத்துத் தரச் சொல்லிக் கேக்குதுங்கல்லங்க?"

எங்கள் வீட்டில் எதுவும் சாகாமல் மாற்றப்படாது. மிக்சி, மோட்டார், நான், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்.

ஆகவே கேமரா சாக வேண்டும். விபத்தாகச் சாக வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, செல்ஃப் டைமர் போட்டு, என்னை நானே எடுக்கும்போது கை பட்டுவிட்டது. இதுதான் கதை. பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டாமா? நிஜமாகவே ஃபோகஸ் வைத்து, டைமரை முடுக்கினேன். படம் விழப் பத்து நொடி ஆகும்.

"மன்னிச்சுக்க ராசா" என்று ஒரு விரலால் தள்ளினேன்.

கீழே துவைக்கிற கல். ணங்கென்று விழுந்தது. எட்டிப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழேயிருந்து 'க்ளக்' என்று ஒரு சத்தம் வந்தது. உயிர் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மயிலாத்தாள் ஓடி வந்தாள். நானும் கீழே இறங்கினேன். கல்லில் ஒரு சில்லு பேர்ந்திருந்தது. கேமராவில் ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது.

"கை பட்டு உழுந்துபோச்சு அம்மணி."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலீங்களே?"

"இல்ல."

"போனாப் போவுதுங்க. புதுசு வாங்கிக்கலாம். உள்ளார ரோல் இருக்குதுங்களா?"

இருந்தது. அவள் அக்கா மகள் லோகப்பிரியாவின் சீர் விசேஷப் படங்கள். ரோலைச் சுற்றி எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல வழுவழுவென்று சுற்றியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோயமுத்தூரில் கழுவக் கொடுத்தனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்துப் புதுக் கேமரா டப்பாவும் படங்களும் ஒரே நாளில் வந்தன. மயிலாத்தாள் ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தவள் கடைசிப் படத்தில் நின்றாள். என்னிடம் நீட்டினாள்.

நான். பின்னால் வானம். தாடைக்குக் கீழே கைப்பிடிச் சுவர். முப்பத்திரண்டு பல். தள்ளிய விரல் இன்னும் நீட்டியபடி இருக்கிறது.

அந்த 'க்ளக்', முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம். எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"ஏனுங்க, கேமரா உழுந்தா யாராச்சும் இப்படிச் சிரிப்பாங்களா?"

அவள் திட்டவில்லை. படத்தைத் திரும்ப வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்குன்னு ஒரு நல்ல படம் நம்மூட்ல இல்லீங்க. எல்லா விசேசத்துலயும் கேமராவுக்குப் பின்னாடியே நின்னுபோட்டீங்க."

சத்தியமான பேச்சு. சொந்த மகள் காதுகுத்துப் படத்தில்கூட நான் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கேமராவின் நசுங்கின மூலையைத் தடவினேன். மாடியிலிருந்து விழுந்து, கல்லில் அடிபட்டு, தள்ளியவனையே இத்தனை அழகாக எடுத்திருக்கிறது. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்கும்தான்.

"தப்புத்தான் அம்மணி."

"உடுங்க." டப்பாவைப் பிரித்தாள். பூப்போல இருந்த புதுக் கேமராவை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம சென்னிமலைக் கல்யாணத்துக்கு நானும் வாரேனுங்க. இது எங்கிட்டயே இருக்கட்டும். உங்க கைல குடுத்தா உழுந்துபோவும்."

பழையதை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். "இதுன்னா எங்க உழுந்தாலும் பயமில்லீங்க."

இன்று புதன்கிழமை. தலை இன்னும் நிமிரவில்லை.