இகுவானாவுக்கு விளக்கு வைத்த ஆபீஸ்

அடையாற்றில் ஒரு சர்க்கார் ஆபீஸ் இருந்தது. அது எதற்காக ஏற்பட்டதென்று அங்கே இருபது வருஷம் குப்பை கொட்டினவர்களுக்கே தெரியாது. அதன் பெரிய துரை நாலு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறும்போது, தம் செல்லப் பிராணியை டவாலிச் சேவகன் மெஹபூப் பாஷாவிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்த இகுவானா. நம் ஓணானையே இரண்டு முழம் நீட்டி, பச்சை வர்ணம் அடித்து, முதுகில் சீப்பு செருகினாற்போல் இருக்கும். கூடவே ஒரு மரப்பெட்டியும், லண்டனில் அச்சான வளர்ப்புப் புஸ்தகமும்.

புஸ்தகத்தைப் படித்த ஹெட்கிளார்க் வைத்தமாநிதி ஐயங்கார் உடனே உத்தரவு பிறப்பித்தார்: "பெட்டிக்குள் அரிக்கேன் விளக்கு அல்லும் பகலும் எரிய வேண்டியது. குளிர்காற்று புகாதபடி துவாரங்களைப் பலகையால் அடைக்க வேண்டியது. வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் பதினொரு குமாஸ்தாக்களும் தினந்தோறும் பார்வையிட்டு ரிஜிஸ்தரில் கையெழுத்திட வேண்டியது."

பாஷா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"சாமி, இது சித்திரை. ரோடுல செருப்பு ஒட்டிக்குது. இதுக்கு வெளக்கு இன்னாத்துக்கு?"

"புஸ்தகத்துல சித்திரையே இல்லேடா. டிசம்பர்தான் இருக்கு."

"அடைச்சா மூச்சு முட்டிப் பூடுமே?"

"போனா நீ டிஸ்மிஸ். வெளக்கு அணைஞ்சா அதுக்கு முன்னாடியே டிஸ்மிஸ்."

பாஷாவுக்கு வீட்டில் ஐந்து பிள்ளைகள். விளக்கை ஏற்றினான்.

ஒரு மணி நேரத்தில் பெட்டி செங்கல் சூளையாகிவிட்டது. இகுவானா வாயைப் பிளந்து கண் செருகிக் கிடந்தது. பாஷா அதைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோய், இடுப்பில் நீளக் கயிறு கட்டிக் கொல்லைப்புற வேப்பமரத்தில் விட்டான். வெயில் வேண்டுமானால் மேல்கிளை, நிழல் வேண்டுமானால் கீழ்க்கிளை, சாப்பிட முருங்கைக்கீரை.

காலிப் பெட்டி மட்டும் வெந்துகொண்டிருந்தது. அனலுக்கு அஞ்சி ஒருவரும் கிட்டே வரவில்லை. ஆனால் ரிஜிஸ்தரில் தினம் பதினொரு கையெழுத்து விழுந்தது: 'வெப்பம் திருப்தி. காற்றோட்டம் திருப்தி.' லீவு போட்டவர்கள்கூட மறுநாள் வந்து, விட்டுப்போன திருப்தியைச் சேர்த்துப் போட்டார்கள்.

ஆடி மாசம் துரை திரும்பினார். மோட்டார் ஹாரன் கேட்டதும் பாஷா பிராணியைப் பெட்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான். துரை திறந்தார். இகுவானா பூசணிக்காய்போல் இருந்தது. ரிஜிஸ்தரைப் புரட்டினார்; ஆயிரத்துச் சொச்சம் கையெழுத்து. கண் கலங்கிவிட்டார்.

"என் குமாஸ்தாக்கள் மாதம் தவறாமல் ஜலதோஷம் என்று லீவு கேட்கிறார்கள். வைத்தியம் இங்கேயே இருந்திருக்கிறதே!"

மறுநாள் ஆபீஸ் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்தாயிற்று. மேஜைக்கு ஒரு விளக்கு; ஆபீஸ் அறைக்கும் அதேபோல் ஒரு ரிஜிஸ்தர். அவை அணையாமல் பார்த்துக்கொள்ளும்படி பாஷாவுக்குப் பதவி உயர்வு. நாலு மாதச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு தேவையென்று இகுவானாவை மட்டும் வேப்பமரத்துக்கு மாற்றினார் துரை.

ஐயங்கார் அங்கவஸ்திரத்தைப் பிழிந்தார். "பாஷா, ஒளிக்காம சொல்லு. அது எப்படிடா பொழைச்சுது?"

"அது எங்க சாமி பொட்டில இருந்துச்சு? நாலு மாசமா மரத்துலதான் குந்திக்கினு இருந்துச்சு."

"அடப்பாவி! இப்பவே துரைகிட்டப் போய்ச் சொல்றேன்!"

"சொல்லுங்க சாமி. காலிப் பொட்டிக்குக் கையெழுத்து போட்டது யாருன்னு கேப்பாரு."

எழுந்த ஐயங்கார் உட்கார்ந்தார். பாஷா அன்றைய ரிஜிஸ்தரை நீட்டினான். ஐயங்கார் 'வெப்பம் திருப்தி' என்று எழுதினார். எழுத்தின்மேல் வியர்வை சொட்டி மை கரைந்தது. மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, 'காற்றோட்டம் திருப்தி' என்றும் எழுதிப் பக்கத்து மேஜைக்குத் தள்ளினார்.